வாட்டம் குடுத்தாச்சுங்க அக்கா!

கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில், குன்னூரில், என் சமையல்கட்டில் நேற்று ராத்திரி கணுக்கால் அளவு தண்ணீர். சரியாகத்தான் படித்தீர்கள், மலைமேல் வெள்ளம். சென்னையில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் சொன்னால், "மலையில எங்க அண்ணி தண்ணி தேங்கும், எல்லாம் கீழ ஓடிடாதா?" என்று சிரிக்கிறாள்.

ஓடும் தாயே. எல்லாம் கீழேதான் ஓடும். அந்தக் கீழே என்கிற இடத்தில்தான் உன் அண்ணன் வீடு இருக்கிறது.

ஆவணியில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாசலில் வடிகால் போட்டோம். தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்றுதான் போட்டோம். அதற்கு முன்னால் மழைத் தண்ணீர் இங்கேயும் அங்கேயும் அலைந்து, வழி தெரியாமல் ரோஜாச் செடிக்கடியில் உட்கார்ந்திருக்கும். இப்போது அதற்கு சிமென்ட் பூசிய ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருக்கிறோம். நேராகச் சமையல்கட்டு வாசலுக்கு வந்து இறங்குகிறது.

இன்று காலை நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஏழரை மணி. நான் முறத்தால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மங்கி குல்லாவும் காதில் போனுமாக கான்ட்ராக்டர் தம்பி வருகிறார். வடிகாலை இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். "நல்லாத்தானுங்களே இருக்குது? வாட்டம் குடுத்தாச்சுங்க அக்கா."

எந்தப் பக்கம் சரிவு தம்பி?

"ஒரு பக்கெட் தண்ணி குடுங்க, ஊத்திக் காட்டறேன்."

உள்ளே நிறைய இருக்கிறது, வேண்டிய மட்டும் மொண்டுக்கொள் என்றேன். அவருக்கு உறைக்கவில்லை. குழாயில் பிடித்துக்கொண்டு வந்து வடிகாலின் நடுவில் ஊற்றினார். அந்தத் தண்ணீர் ஒரு நொடி அப்படியே நின்றது. நிஜமாகவே யோசித்தது. அப்புறம் நிதானமாகத் திரும்பி, மாமியார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை போல, சமையல்கட்டைப் பார்த்து நடந்தது. நாங்கள் இருவரும் அது போவதைப் பார்த்தோம். படியில் முட்டியது. ஏறியது. உள்ளே போய்விட்டது.

"காத்துங்க அக்கா. காத்து தள்ளுது."

இரண்டாவது பக்கெட். காற்று இல்லை, ஒரு இலைகூட ஆடவில்லை. மறுபடியும் சமையல்கட்டு. மூன்றாவது பக்கெட்டை வெளிக்கோடியில் ஊற்றினார், அங்கேயாவது மானம் தப்பும் என்று நினைத்திருப்பார். இருபத்திரண்டு அடியையும் கடந்து வந்தது மகராசி, வேகம் கொஞ்சமும் குறையாமல். என் மகன் டூத் பிரஷ்ஷோடு நின்று கை தட்டினான்.

உடனே பையிலிருந்து மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்தார். "சாமான் பொய் சொல்லாதுங்க" என்று வடிகால்மேல் வைத்தார். அதன் கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி வெளிப்பக்கம் நகர்ந்தது. அவர் முகத்தில் வந்த வெற்றியைப் பார்க்க வேண்டுமே! "பாருங்க, வெளிப்பக்கந்தான போகுது?" தம்பி, குமிழி மேட்டைப் பார்த்துத்தான் போகும். அது காற்று, தண்ணீர் இல்லை. வெளிப்பக்கம் மேடு என்று நீயே வைத்துக் காட்டிவிட்டாய். இதை எட்டாவது படிக்கிற பையன் வாயில் நுரையோடு சொல்கிறான், நாற்பத்தெட்டாயிரம் வாங்கியவர் தலையைச் சொறிகிறார்.

கடைசியில் வந்ததே ஒரு விளக்கம்! "வாட்டம் கரெக்டுங்க அக்கா. வீடுதான் கொஞ்சம் கீழ இருக்குது."

1987-ல் என் மாமனார் கட்டிய வீடு. அது போன மாதம் இவர் போட்ட வடிகாலுக்குப் பொருந்தி வராதது மாமனார் செய்த தப்பு.

என்ன பெரிய வித்தையா இது? இந்த மாதிரி வடிகாலுக்கு நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாகப் போய்விடும். எங்கள் இருபத்திரண்டு அடிக்கு மூன்று அங்குலம்கூட வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய மண்ணும் முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலமாவது வெளிப்பக்கமாக இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இங்கிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள் ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்குகிற மலை இது. இதில் மூன்று அங்குலம் இறக்கம் கண்டுபிடிக்க முடியவில்லை ஒருவருக்கு! தேடித் தேடி மேட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

மதில் ஓரமாக 'பிரெஞ்சு டிரெயின்' என்று ஒரு ஜல்லி வடிகால் வேறு போட்டார். ஏதோ பாரிஸிலிருந்து வந்து இறங்கியது போல ரேட் சொன்னார். அதற்கும் பிரான்சுக்கும் சம்பந்தமே கிடையாது. 1859-ல் அமெரிக்காவில் பண்ணை வடிகால் பற்றி எழுதிய ஹென்றி பிரெஞ்சு என்பவரின் பெயர் அது. பள்ளம் தோண்டி, துணி விரித்து, ஜல்லி கொட்டி, ஓட்டை போட்ட பைப்பை ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்க வைத்து, மேலே ஜல்லி போட்டுத் துணியை மூட வேண்டும். துணி எதற்கு? மண் உள்ளே போய் அடைக்காமல் இருக்க. இவர் துணியே போடவில்லை. "அது எதுக்குங்க வெட்டிச் செலவு" என்று எனக்குப் பணம் மிச்சம் பண்ணிக் கொடுத்தாராம். ஓட்டையெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊர்ச் செம்மண் ரெண்டே மழையில் பைப்பை உள்ளேயிருந்து பூசி மெழுகிவிட்டது. நாற்பத்தெட்டாயிரத்தில் ஒழுங்காக நடந்த பூச்சுவேலை அது ஒன்றுதான்.

சரி, இவரை மட்டும் திட்டி என்ன? மேல் வீட்டுப் புண்ணியவான் ஒருவர் இருக்கிறார். சமவெளியிலிருந்து மாதத்துக்கு இரண்டு நாள் வருவார், இயற்கையை ரசிக்க. வந்து ரசித்துவிட்டு, தோட்டம் இருந்த மூன்று சென்ட்டையும் சுத்தமாக பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். மூன்று சென்ட்டில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் பன்னிரண்டாயிரம் லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி. அது ஒரே ராத்திரியில் எங்கள் வாசலில் வந்து இறங்கும். இதே லாரித் தண்ணீருக்கு மார்ச் மாதம் நான் குடத்தோடு நின்று காசு கொடுக்கிறேன்.

அதைவிட ஒன்று. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற கருங்கல் தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் இருந்தன. 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று எல்லாவற்றையும் அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார். சுவருக்குப் பின்னால் ஊறுகிற தண்ணீர் எங்கே போகும்? சுவரைத்தான் தள்ளும். இதை மட்டும் என்னால் கிண்டலாகச் சொல்ல முடியவில்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வாரம் இங்கே இருந்த யாருக்கும் ராத்திரி மழைச் சத்தம் தாலாட்டாகக் கேட்காது. நேற்று ராத்திரி மூன்று மணிவரை நான் தண்ணீர் வாரவில்லை, அந்தச் சுவரையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பக்கத்து லயன் வீட்டுத் தாத்தா வந்தார், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கான், அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டியவர். தடியால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். "வாசலுக்கு வந்த தண்ணிய வாசல்ல பிடிச்சா ஆகுமா புள்ள? மேலயே குறுக்கால ஒரு கான் வெட்டி, நடுவுல நடுவுல குழி விட்டு, ஓரமா எறக்கி விட்டிருந்தா முடிஞ்சுதே." செலவு? இரண்டு ஆள் கூலி, ஒரு நாள். குடிக்கத் தேத்தண்ணி. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

நாளைக்கே வெட்டலாம் தாத்தா என்று சொல்லி முடிக்கவில்லை, கீழ்வீட்டு அக்கா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி வந்தார். "ஏன் கண்ணு, உங்க மொட்டைமாடி பைப்பு எங்க கோழிக்கூட்டுக்கு நேரா வச்சிருக்கறது உனக்குத் தெரியுமா தெரியாதா? கோழியெல்லாம் மிதக்குது!"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதுவும் அதே தம்பி வைத்த பைப்புதான். நான் தாத்தாவைப் பார்த்தேன், தாத்தா தடியைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு முதலில் கோபம், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். சமையல்கட்டு ஈரத்திலேயே ஸ்டூல் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். தாத்தா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கானாக வெட்டலாம் என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டிலும் தண்ணீர் சரியான பக்கம் ஓடியது!

டீ போட்டு, எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்தேன். நமுத்துப் போயிருக்கிறது. காலையில்தான் வாங்கினேன், கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துப் போட்டுக் கொடுத்தான் கடைக்காரன். போனைப் போட்டுக் கேட்டால், "மழைக்காலம் பாருங்க அக்கா" என்கிறான். மழைக்காலமாம்! வர்க்கி என்றால் கடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டாமா? இது சப்பாத்தி மாதிரி வளைகிறது.