ப்ரீசெட் போட்டால் வேலை முடிந்துவிடுமா?

லைட்ரூம் என்கிற போட்டோ திருத்தும் மென்பொருளில் ஒரு படத்தைத் திருத்தி, அந்த அளவுகளை ப்ரீசெட்டாகச் சேமித்து, மிச்சப் படங்களுக்கெல்லாம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தர்மபுரிப் பக்கம் கல்யாண வீட்டார் நினைக்கிறார்கள். யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! ப்ரீசெட்டுக்குப் படம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு, +0.70 என்று சேமித்தால் எல்லாப் படத்துக்கும் அதே +0.70 தான். ஒகேனக்கல்லில் பாறை நிழலில் நின்ற ஜோடிக்கு அது அழகாக இருக்கும். வெயிலில், பரிசலில் எடுத்த படத்துக்கு அதையே போட்டால் பின்னால் விழும் அருவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் இன்னும் மோசம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் அது கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) கணக்கு, கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் -100 முதல் +100 வரைதான். உதவிக்கு வந்தவர் ஜேபெக்கில் எடுத்திருந்தால், நான் சேமித்த 5200 கெல்வின் அங்கே எதற்கும் ஆகாது. அப்புறம் மண்டபத்து ஊதா எல்.இ.டி. வெளிச்சம்! மாப்பிள்ளை முகத்தை ஒவ்வொரு படத்திலும் தனியாக மாஸ்க் போட்டு, அதாவது முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தித்தான் மீட்க வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கில் மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ் என்கிற வசதி இருக்கிறது, சரி. அது வெளிச்சத்தைத்தான் சமன்செய்யும், நிறத்தை அல்ல.

இவ்வளவும் சொன்னால், "ஒரு பட்டன்தானே அண்ணா, நாளைக்கே ஆல்பம் குடுங்க" என்கிறார்கள்.