சிங்கப்பூர்க்காரர் மாதிரித் தெரிய என்ன போட்டுக்கொள்ள வேண்டும்?

ஊரிலிருந்து யார் சிங்கப்பூர் கிளம்பினாலும் விசா கைக்கு வந்த அன்று ராத்திரியே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்துவிடும். "அங்க எல்லாரும் என்ன டிரஸ் போடுவாங்க? டூரிஸ்ட்டுன்னு தனியாத் தெரியக் கூடாது." பதினாறு வருடமாக இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் என் அத்தை மகன் மன்னார்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டுப் போனான். அவன் பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கிளம்புவதற்கு முன்பே நிறைய வீடியோ பார்த்துத் தயாராகி வந்திருந்தான், வாய் திறந்தால் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ஓகே லா, கேன் லா. நல்ல பையன்தான். ஆனால் ஒரு வாரம் அவர்களோடு சுற்றியதில் எனக்குள் ரொம்ப நாளாக இருந்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

உடையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச ஒன்றுமே இல்லை. உள்ளூர்க்காரர் என்று இந்த ஊருக்கு ஒரு முகம் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருப்பவர்களில் சீனர் ஏறக்குறைய 74 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. ரயிலில் ஒரே பெட்டியில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவர், பக்கத்தில் பாஜு குரோங் என்கிற மலாய் உடை போட்ட அம்மா, எதிரே கல்யாணத்துக்குப் போகிற பட்டுப்புடவை. ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பையில் ஒரு குடை, கடைகளின் ஏசிக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர், அவ்வளவு போதும்.

அப்புறம் எது காட்டிக்கொடுக்கும்? சாப்பிட்டு முடித்த ட்ரேயை என்ன செய்கிறோம் என்பது காட்டிக்கொடுக்கும். எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஏழெட்டு வருடம் இருக்கும், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர்) ஒரு சீனர் கடையில் வான்டன் மீ என்கிற நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். ட்ரேயைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது தெரியும், எடுத்துக்கொண்டு போய் முதலில் கண்ணில் பட்ட அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மேசை துடைக்கிற ஒரு சீனப் பாட்டி, எழுபது வயதுக்குக் குறையாது, விறுவிறுவென்று வந்து அந்த ட்ரேயை எடுத்தார். நாலடி தள்ளி இருந்த இன்னொரு அடுக்கில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, நான் வைத்த இடத்தைத் தன் துணியால் ஒரு முறை துடைத்தார், துணியை மடித்து இன்னொரு பக்கத்தால் மறுபடி துடைத்தார். என்னைத் திட்டவில்லை. மேலே இருந்த பலகையை மட்டும் விரலால் காட்டினார். ஹலால் என்று எழுதியிருந்தது.

பன்றி இறைச்சி இருந்த தட்டு அது. ஹலால் அடுக்குக்கு வருகிற தட்டுகள் மலாய்க் கடைகளுடையவை, தமிழ் முஸ்லிம்களின் பிரியாணிக் கடை, புரோட்டாக் கடைகளுடையவை. அந்தப் பாட்டி முஸ்லிம் இல்லை, அந்த அடுக்குக்கு அடுத்து வரப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது, அவர் துடைத்ததும் அந்த ஆளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் துணியை மடித்து இரண்டாவது முறை துடைத்தார். ஒரு சிங்கப்பூர்க்காரரை நான் உண்மையாகவே பார்த்தது அன்றைக்குத்தான் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் ட்ரேயை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனால் நடவடிக்கை உண்டு, முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாவது முறை 300 டாலர் அபராதம். இங்கே அபராதம் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அபராதத்துக்குப் பயந்து ட்ரேயை எடுக்கிறவர் எந்த அடுக்கில் வைக்கிறோம் என்று பார்க்க மாட்டார், மேசையில் சிந்திய குழம்பை டிஷ்யூவால் துடைக்க மாட்டார். நம் ஆட்கள் 'லோக்கல் மாதிரி இருக்கணும்' என்று கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். மாதிரி இருக்க வேண்டாம். கூட வாழ்கிற ஆளுக்கு உங்களால் ஒரு வேலை கூடாமல் இருந்தால் போதும், ஒருவரும் உங்களை வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள்.

டிஷ்யூ என்றதும் ஞாபகம் வருகிறது. காலி மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்து விட்டுப் போனது என்று நினைக்காதீர்கள். இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், 'சோப்' (chope) பண்ணுவது என்பார்கள். அத்தை மகனின் பையன், எனக்கு மருமகன் முறை, அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டான், பாவம், தெரியாது. அதே சமயம் நாலு பேர் மேசையில் ஒருவர் மட்டும் இருந்தால், ஆள் வருகிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காரலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊர் மெஸ்ஸில் அறிமுகம் இல்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அது போலத்தான். கையால் சாப்பிடுவதற்கும் கூச்சப்பட வேண்டாம். அத்தை மகன் புரோட்டாவை ஸ்பூனாலும் முள்கரண்டியாலும் பிய்க்க முயன்று கொண்டிருந்தான், பக்கத்து மேசையில் ஒரு மலாய்க் குடும்பம் நிம்மதியாகக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கோப்பி சொல்வதற்கு மட்டும் கொஞ்சம் படித்துக்கொள்ளலாம். சும்மா 'கோப்பி' என்றால் கெட்டியான இனிப்பு டின்பால் போட்டுத் தருவார்கள். கோப்பி ஓ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டுமே இல்லை. சியூ தாய் சேர்த்தால் இனிப்புக் குறைவு, பெங் என்றால் ஐஸ். கோப்பி மலாய், ஓ ஹொக்கியன், கோசோங் மறுபடி மலாய், இதைச் சொல்கிற வாய் தமிழ், கலக்குகிற கை பெரும்பாலும் சீனருடையது. இந்தச் சொற்களைச் சொன்னால் 'லோக்கல்' என்று நினைத்துவிடுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, வித்தவுட் மில்க், லிட்டில் சுகர் என்று விளக்கிக்கொண்டு நிற்காமல் ஒரே மூச்சில் சொல்லி நகர்ந்துவிடலாம். கடைக்காரர் சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் வயதானவர் என்றால் அங்கிள், ஆண்ட்டி. நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அண்ணே, அக்கா என்று கூப்பிடுகிற அதே பழக்கம் இங்கே எல்லா இனத்துக்கும் பொதுவாக இருக்கிறது.

எஸ்கலேட்டரில் இடது பக்கம் நில்லுங்கள், அவசரமாகப் போகிறவருக்கு வலது பக்கத்தை விடுங்கள். ரயிலில் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. போனில் ஸ்பீக்கர் போட்டு ஊர்க்கதை பேச வேண்டாம். வேப் என்கிற மின்சிகரெட்டைக் கொண்டுவரவே கொண்டுவராதீர்கள், 2018லிருந்து வைத்திருப்பதே குற்றம்.

இப்போது நம்மவர்களிடம் எனக்கு நிஜமாகவே மனத்தாங்கல் இருக்கிற விஷயம். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயிலில் அறிவிப்பு தமிழில் வரும், பலகைகளில் தமிழ் இருக்கும், லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் இறங்கினால் மல்லிகைப்பூ வாசம். உடனே நமக்கு இது நம்ம ஊர் என்று ஒரு உரிமை வந்துவிடுகிறது. அந்த உரிமையில் என்ன கேட்கிறோம் தெரியுமா? அத்தை மகனோடு டாக்சியில் போனோம். ஓட்டுநர் தமிழர், அறுபது வயதைத் தாண்டியவர், அழகாகத் தமிழ் பேசினார்.

"அண்ணனுக்குச் சொந்த ஊர் எது?"

"ஈசூன்."

"அதில்லண்ணே, பூர்வீகம்?"

"அதுக்கு முன்னாடி செம்பவாங். எங்கப்பா கப்பல்பட்டறையில வேலை பார்த்தாரு."

இரண்டுமே சிங்கப்பூருக்குள் இருக்கிற இடங்கள். அத்தை மகன் விடவில்லை. "இல்ல, நம்ம பக்கம் எந்த ஊருன்னு கேட்டேன்." அவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, "தாத்தா வந்தாரு தம்பி. எந்த ஊருன்னு அவரு சொல்லலை" என்றார். அதன்பிறகு இறங்கும்வரை அவர் பேசவே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாசமாகத்தான் கேட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே பிறந்து, இங்கே படித்து, ராணுவம், போலீஸ் மாதிரியான கட்டாயத் தேசிய சேவை முடித்து, பேரன் பேத்தி எடுத்த மனிதரிடம் 'நீங்கள் இந்த ஊர் இல்லை' என்பதைத்தான் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறோம். அதேபோல, இந்திய முகமாக இருந்தால் தமிழிலேயே ஆரம்பித்துவிடுவது. அவர் மலையாளியாக இருக்கலாம், பஞ்சாபியாக இருக்கலாம். தமிழ்ப் பிள்ளையே வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்திருக்கலாம், அதற்கு 'தமிழனா இருந்துட்டு தமிழ் வரலியா' என்று அந்தப் பிள்ளையை நிற்க வைத்துக் கேட்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? தமிழ் பேசுகிறவர்கள் கிடைத்தால் பேசுங்கள், அவர்கள் தமிழைக் கேளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு 'பசியாறிட்டீங்களா' என்பார்கள், டாலரை 'வெள்ளி' என்பார்கள். எனக்கு அந்தப் பசியாறல் என்ற சொல் அவ்வளவு பிடிக்கும், இப்போது ஊருக்குப் போனாலும் அதுதான் வாயில் வருகிறது.

இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் நடந்தோம். ஊரிலிருந்து வேலைக்கு வந்து வாரத்தில் ஒரே நாள் லீவு கிடைக்கிற நம் தம்பிகள் புல்வெளியில் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள், பார்சல் பிரித்துச் சாப்பிடுவார்கள். ஒரு தம்பி எங்களிடம் வந்து, "அண்ணே, தேக்கா சென்டர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மருமகன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். தமிழில் கேட்ட ஆளுக்கு ஆங்கிலத்தில். அந்தத் தம்பி ஒரு நொடி நின்றுவிட்டு, "தேங்க்யூ சார்" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டிக்கொள்ளவில்லை, வீட்டுக்கு வந்துதான் பேசினேன். யாரோடு கலந்து தெரிய வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய் என்று கேட்டேன். பதில் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவனாகவே வந்து, "மாமா, அந்த அண்ணன் பட்டுக்கோட்டைப் பக்கம் பேச்சு மாதிரி இருந்துச்சு" என்றான். கவனித்திருக்கிறான். அதனால் அவன்மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை.

இத்தனை வருடத்தில் இங்கே வந்தவர்களில் வந்த சுவடே தெரியாமல் ஊரோடு ஒட்டிப்போனவர் யாரென்றால் என் அம்மாதான். 2017ல் ஒரு மாதம் வந்திருந்தார்கள். நூல் புடவை, நெற்றி நிறைய விபூதி, ஆங்கிலம் ஒரு வார்த்தை கிடையாது. நான் வேலைக்குப் போனதும் தனியாக லிஃப்டில் இறங்கிக் கீழே மீனும் காய்கறியும் விற்கிற ஈரச்சந்தைக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் சும்மா ஒரு ஓரமாக நின்று எல்லோரும் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்த்ததாகச் சொன்னார்கள். யாரும் பேரம் பேசவில்லை, மீனை அமுக்கிப் பார்க்கவில்லை, வரிசையில் நின்று காசைச் சரியாக எண்ணி வைத்திருந்து கொடுக்கிறார்கள். மறுநாளிலிருந்து அம்மாவும் அப்படியே. சங்கரா மீனை விரலால் காட்டுவார்கள், எத்தனை என்று விரலால் காட்டுவார்கள், கடைக்காரர் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவார். மூன்றாவது வாரம் நானும் கூடப் போனேன். எங்களைப் பார்த்ததும் அந்த அங்கிள் ஒன்றுமே கேட்காமல் மீனைத் தலையோடு குழம்புத் துண்டாக வெட்ட ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஒரு மலாய் ஆண்ட்டி அம்மாவின் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார், அம்மா முந்தானையில் முடிந்த காசை அவிழ்ப்பதற்காக. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். எத்தனையோ நாளாகப் பழக்கம் போல இருந்தது.

அம்மா ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து மீன் வாங்கப் போனேன். அங்கிள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாமா நோ கம்?" என்றார், அம்மா வரவில்லையா என்று கேட்கிறார். ஊருக்குப் போய்விட்டார்கள் என்று விமானம் மாதிரிக் கையைக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே ஒரு கைப்பிடி நெத்திலியை அள்ளிப் பையில் போட்டார். காசு எடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.