தரங்கம்பாடி அச்சகம் பற்றிய பார்வர்டு: எது சரி, எது தவறு

"இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடி, முதல் தமிழ் அச்சு நூல் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வெளியிட்ட புதிய ஏற்பாடு" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இந்தியாவில் முதல் அச்சகம் 1556இல் கோவாவில் இயங்கத் தொடங்கியது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் முடிந்தது. இயேசு சபையின் என்றீக்கே என்றீக்கசு அடிகளார் தந்த 16 பக்க நூல் அது. அதன் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்த்த இரண்டு உலோக அச்செழுத்து வரிசைகளையும் காணலாம். பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. சந்தேகம் இருப்பவர்கள் அங்கே சரிபார்க்கலாம்.

லுத்தரன் மிஷனின் தரங்கம்பாடி அச்சகம் இதற்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. அதன் பெருமை வேறு. அச்சு இயந்திரம் லண்டனின் ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. அனுப்பி 1712இல் வந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. அவற்றுக்குத் தாள் அதிகம் தேவைப்பட்டது, காகிதமோ கப்பலில் வரவேண்டிய பண்டம். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் பணிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு என்றால் சரி. முதல் நூல் என்பது பிழை.

அந்தச் செய்தி வந்தால் மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு 1578 என்ற ஆண்டைச் சொல்லுங்கள்.