பெரிய கண்ணாடி வாங்கும் முன் காதைக் கவனியுங்கள்

நெடுஞ்சாலையில் பைக் ஓட்டும்போது காற்று அறைகிறது, தலை ஆடுகிறது, காது இரைகிறது என்று யாராவது சொன்னால் போதும், உடனே ஓர் அறிவுரை வந்து விழும்: "உயரமான விண்ட்ஷீல்டு, அதாவது பைக்கின் முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, ஒன்று மாட்டிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." உதிரிபாகக் கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களிலும் இதையேதான். என்னால் இதை ஏற்க முடியவில்லை. பணம் போவதுகூடப் பரவாயில்லை, இந்த அறிவுரையை நம்பிக் காதைக் கோட்டை விடுகிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தலையை உலுக்குவது வேறு, காதைக் கெடுக்கும் இரைச்சல் வேறு. உலுக்கலை விண்ட்ஷீல்டு குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். இரைச்சலை எந்த விண்ட்ஷீல்டும் முழுதாகத் தீர்ப்பதில்லை.

முதலில் காது. மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் இஞ்சின் சத்தத்தைக் காற்றின் சத்தம் அமுக்கிவிடுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காதருகே அளந்தால் ஏறத்தாழ 100 டெசிபல் வரும். விலை உயர்ந்த ஹெல்மெட்டுகளில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். இப்படியே இறங்கி வந்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

சனி ஞாயிறுகளில் மலைக்குப் போய் வருபவர்களைவிட, பைக்கை வைத்தே பிழைப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மருந்து நிறுவனப் பிரதிநிதிகள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள், கூரியர்காரர்கள். ஊர் விட்டு ஊர் தினமும் ஓடுகிறார்கள். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது களைப்பு அல்ல. உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அடிபட்டதன் அறிகுறி. இரவு தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவது போலத் தோன்றும். தினமும் அடிபட்டால் அந்தச் செல்கள் செத்துப்போகும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. கூர்மையான ஒலிகள்தாம் முதலில் போகின்றன. குழந்தை பேசுவது கேட்கும், என்ன சொல்கிறது என்பது பிடிபடாது.

தொழிற்சாலையில் இதே சத்தத்தில் நிற்கிற தொழிலாளிக்குக் காதடைப்பான் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சாலையில் அதே நேரம் அதே சத்தத்தில் இருப்பவருக்கு யாரும் சொல்வதுகூட இல்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

தீர்வு மருந்துக்கடையில் கிடைக்கிறது. மென்மையான பஞ்சு போன்ற நுரைக் காதடைப்பான், ஒரு ஜோடி சில பத்து ரூபாய். ஆனால் பெரும்பாலோர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு, "பயனே இல்லை" என்கிறார்கள். கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு விரல்களால் அதை மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மடிப்பு விழக் கூடாது. வலது காது என்றால், இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் காதுத் துளை நேராகும். அந்த நேரத்தில் உள்ளே செருகி, விரல் நுனியால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். நுரை உள்ளேயே விரிந்து அடைத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் தெருச் சத்தம் மெல்ல அடங்குவது உங்களுக்கே தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியில் நேராகப் பார்த்தால் அடைப்பானின் முனை துருத்திக்கொண்டிருக்கக் கூடாது.

"ஹாரன் கேட்காதே, ஆபத்தில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நகர நெரிசலில் மெதுவாகப் போகும்போது அடைப்பானே தேவையில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் ஹாரனை மறைப்பது காற்றின் இரைச்சல்தான். அடைப்பான் இரண்டையும் சேர்த்தே குறைக்கிறது. இரைச்சல் தணிந்த காதுக்குப் பின்னால் வரும் லாரியின் ஹாரன் தெளிவாகவே கேட்கிறது. பாட்டு கேட்கும் இயர்போனை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காற்றை மீறிக் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது காதுக்கு இரண்டாவது அடி.

இனி உலுக்கல். விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று ஒழுங்காக ஓடுவதில்லை, சுருள் சுருளாகப் பிய்ந்து வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் காற்று உள்ளே புகுந்து குழம்புகிறது. அந்தக் கலங்கிய காற்று சரியாக ஹெல்மெட்டின் மேல் வந்து அடித்தால் தலை நடுங்கும், பார்வை மங்கும், கழுத்து வலிக்கும். கண்ணாடியே இல்லாத பைக்கில் நெஞ்சில் காற்று அழுத்தும். ஆனால் அது கலங்காத காற்று, தலை ஆடுவது குறைவு. ஆகவே கண்ணாடி நன்றாகக் குட்டையாக இருக்கலாம், அல்லது காற்று தலைக்கு மேலே போகும் அளவுக்கு உயரமாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் மோசம். கடைகளில் அதிகம் விற்பதும் அதுதான்.

வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை. ஆளில்லாத நேரான சாலையில், இரண்டு கைகளும் ஹாண்டில்பாரில் இருக்க, கால்வைப்பில் ஊன்றி இருக்கையிலிருந்து ஒரு சாண் எழுங்கள். ஆட்டம் சட்டென்று அடங்கினால் உங்கள் தலை கலங்கிய காற்றில் இருந்திருக்கிறது, கண்ணாடி குட்டையாக வேண்டும். அதற்கு மாறாக, குனியும்போது அடங்கினால்தான் உயரமான கண்ணாடியால் பலன். சில நேரம் எதையும் மாற்றவே வேண்டாம். கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி வரும்படி மெக்கானிக்கிடம் வாஷர் வைத்துத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். கீழிருந்து நுழையும் காற்று பின்பக்கத்து அழுத்தக் குறைவை நிரப்பிவிடும்.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, இரைச்சலில் பெரும்பங்கு கீழிருந்து, கழுத்தும் தாடையும் இருக்கும் திறப்பு வழியாகத்தான் நுழைகிறது. கன்னப் பஞ்சு தளர்ந்த பழைய ஹெல்மெட் இதில் படு மோசம். தாடைக்கு அடியில் மாட்டும் துணித் தடுப்பு நன்றாக உதவும். கழுத்தில் துண்டு சுற்றினாலும் உதவும், ஆனால் நுனியைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி விளிம்பு உள்ள ஹெல்மெட் பார்க்க அழகுதான், நெடுஞ்சாலையில் அது காற்றைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும்.

பெரிய கண்ணாடிக்கு நான் ஆகாதவன் என்று நினைப்பவர்கள், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாகர்கோவில் சாலையில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக ஒருமுறை போய்வரட்டும். மலைக் கணவாய் வழியே பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஹாண்டில்பாரிலேயே பொருத்திய அகலமான கண்ணாடி, பக்கவாட்டில் வரும் காற்றை வாங்கி நேராக ஸ்டீயரிங்கில் இறக்குகிறது. அங்கே முழங்காலால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துப் போவதுதான் வழி. 100-லிருந்து 80-க்கு இறங்கினாலே காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இரைச்சல் இன்னும் வேகமாகத் தணிகிறது.

பின்னால் அமர்ந்து வருபவரை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதே இல்லை. அவர் சற்று உயரத்தில் இருக்கிறார், ஓட்டுபவரின் தலையும் கண்ணாடியும் கலக்கிவிட்ட காற்று முழுவதும் அவர் முகத்தில்தான் விழுகிறது. உங்களுக்குச் சுகமாக இருக்கும் கண்ணாடி உயரம் அவருக்கு உலுக்கலாக இருக்கலாம், அடுத்த டீக்கடையில் நிறுத்தும்போது கேளுங்கள். காதடைப்பான் வாங்கும்போது அவருக்கும் ஒரு ஜோடி வாங்கி, உருட்டிச் செருகும் முறையைக் காட்டிக் கொடுங்கள். நுரை கெட்டியாகிவிட்டால், அழுக்கேறிவிட்டால், துவைத்துப் பயன்படுத்தாமல் புதிது மாற்றுங்கள்.