ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிட்டருக்கு என்ன வேலை?

ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பையன் பிஎச்டியா?" என்பதுதான். இல்லை, ஐடிஐயில் இயந்திரப் பாகங்களை அராவிப் பொருத்தப் பழகிய ஃபிட்டர் என்று சொல்லிப் பாருங்கள்; "அவனுக்கு அங்கே என்ன வேலை?" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், காரைக்குடி சிக்ரி எனும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் என எதுவுமே விஞ்ஞானிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட ஓடாது. பத்தாம் வகுப்போடு ஐடிஐ முடித்தவருக்கு டெக்னீஷியன் பணி, முதல் வகுப்பில் டிப்ளமோ தேறியவருக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின்படி, சிக்ரியும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அடங்கிய மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் தொடக்க அடிப்படைச் சம்பளம் முறையே 19,900, 35,400 ரூபாய். இஸ்ரோவில் 21,700, 44,900. படிகள் தனி.

எழுத்துத் தேர்வோடு தொழில்திறன் தேர்வும் இருக்கும். ஃபிட்டரின் கைத்திறன் அரத்தில் தெரிந்துவிடும். அராவிய இரண்டு இரும்புத் துண்டுகளைப் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடுக்கில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. ஆனால் சிஎஸ்ஐஆர் எழுத்துத் தேர்வில் கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். மைக்ரோமீட்டரைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லும் பிள்ளை, தமிழில் படித்த குற்றத்துக்காகக் கேள்வியிலேயே தடுக்கி விழுகிறான்.

நிறுவனங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கோடிகளைக் கொட்டி, மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி வாங்குகிறார்கள். அதன் மீகடத்திக் காந்தம், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள், மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியே இருக்க வேண்டும். அந்த ஹீலியம் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் வெளிக்கலத்தில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். பொங்கல், தீபாவளி என்று அதற்கு விடுமுறை கிடையாது. கவனிக்காமல் விட்டு ஹீலியம் அளவுக்குக் கீழே இறங்கினால், காந்தம் திடீரென்று மீகடத்தும் தன்மையை இழக்கும். மிச்ச ஹீலியம் கொதித்து, நிமிடங்களில் வெண்புகையாகச் சீறி வெளியேறிவிடும். இத்தனை பொறுப்பையும் பல இடங்களில் தூக்கிச் சுமப்பவர் யார்? திட்டப் பணியாளர். திட்டத்துக்கான பணம் தீர்ந்தால் அவர் வேலையும் தீர்ந்தது. அடுத்து வருபவர் கருவியின் குணம் அறிவதற்குள் அவருடைய ஒப்பந்தமும் முடிந்துவிடும். கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போட ஒதுக்கீடு கேட்பவர்கள், அதை இயக்கும் ஆளுக்கு நிரந்தரப் பணியிடம் கேட்டு ஏன் மல்லுக்கட்டுவதில்லை?

இது நாளைக்கே மாறாது. அதுவரை நம் பிள்ளைகள் இருக்கிற இடங்களையாவது பிடிக்கட்டும். அறிவிப்புகள் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வரும். வேலை வாங்கித் தருகிறேன் என்று வருபவனிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இஸ்ரோ டெக்னீஷியன் பணி என்றால் முதலில் ஐடிஐ படிப்புக்கான என்சிவிடி (தேசிய தொழிற்பயிற்சிக் குழுமம்) சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பி.இ. பட்டத்தை நீட்டினால் விண்ணப்பம் தள்ளுபடிதான்.