மார்கசைட் நகையில் இருப்பது பைரைட்

பழைய ஐரோப்பிய வெள்ளி புரோச்சுகளில் (ஆடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) மினுங்கும் 'மார்கசைட்' கற்கள், அதே பெயருள்ள கனிமத்திலிருந்து வெட்டப்பட்டவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கற்கள் பைரைட் என்ற வேறொரு கனிமம்.

இரண்டும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தவைதான், வேதி வாய்பாடும் ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. முன்பு இரண்டையும் மார்கசைட் என்ற ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். 1845இல் ஹைடிங்கர் என்ற ஆஸ்திரியக் கனிமவியலாளர் அந்தப் பெயரை இன்றைய மார்கசைட் கனிமத்துக்கு மட்டும் ஒதுக்கினார். நகைக்காரர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான்! அதனால் விற்பவர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல முடியாது.

அசல் மார்கசைட் நகைக்குத் தோதுப்படாது. ஈரக் காற்றில் நாளடைவில் வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். கூடவே கந்தக அமிலமும் உண்டாகும். பைரைட்டும் சில சமயம் இப்படிக் கெடுவதுண்டு, ஆனால் நல்ல படிகம் தாக்குப்பிடிக்கும். விக்டோரியா காலத்து புரோச்சுகள் இன்னும் பளபளப்பது அதனால்தான்.

சரிபார்க்க வேண்டுமா? மைண்டாட் கனிமத் தளத்தில் இரண்டின் பக்கங்களையும் திறந்து படிக அமைப்பைப் பாருங்கள்: பைரைட் கனசதுர வகை (Isometric), மார்கசைட் செஞ்சாய்சதுர வகை (Orthorhombic). கையில் நகையே இருந்தால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் ராமன் சோதனை (லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் முறை) செய்யச் சொல்லுங்கள். கல்லைப் பெயர்க்காமலே சொல்லிவிடுவார்கள்.