இலவசம்தானே, பிறகென்ன குறை?

படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ரெண்டு நாளாகச் சமூக வலைத்தளத்தில் அதுதான் ஓடுகிறது. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்து வாசலில், கலைக் கண்காட்சிக்கான மும்மொழிப் பதாகை. சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் மட்டும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளிகள் பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன, நடுநடுவே சும்மா வட்டங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். என்னைச் சுட்டது பதாகை இல்லை, படத்தைப் போட்டுக் குறை சொன்னவருக்குக் கீழே வந்த பதில். “இது இலவசக் கண்காட்சி. வந்து பார்த்துவிட்டுப் போகலாமே, எதற்கு எல்லாவற்றிலும் பிழை பிடிக்கிறீர்கள்?” அதற்கு விழுந்த லைக்குகளில் எங்களுடைய ஆட்களின் பெயர்களும் இருந்தன. பார்த்தேன், பார்த்து வைத்திருக்கிறேன்.

இலவசம் என்பது பதில் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரைக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன். அது அரச பல்கலைக்கழகம். அங்கே எரிகிற லைட், ஓடுகிற ஏசி, காவலாளியின் சம்பளம், திறப்புவிழாவுக்குக் கொடுத்த பற்றிஸ், பிளேன்டீ எல்லாம் பொதுப் பணம். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் கொட்டாஞ்சேனைக்காரரும் கட்டுகிறார், வெள்ளவத்தைக்காரரும் கட்டுகிறார், ஹற்றனிலிருந்து வந்து புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற தம்பியும் கட்டுகிறான். வாசலில் டிக்கெட் கிழிக்கவில்லை என்பதற்காக யாரும் எங்களுக்கு உபகாரம் செய்துவிடவில்லை. கட்டிவிட்டுத்தான் வருகிறோம். கோயில் அன்னதானமும் இலவசம்தான், ஒரு பந்திக்கு வாழையிலை போட்டு அடுத்த பந்திக்கு வெறுந்தரையிலா பரிமாறுகிறார்கள்?

சரி, பதாகை எப்படி அப்படி ஆனது? “மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழே தெரியாது” என்று பலர் திட்டியிருந்தார்கள். அநியாயம். அவர் சரியாக எழுதி, யூனிகோட்டில் வேர்ட் கோப்பாக அனுப்பியிருப்பார். வடிவமைப்பாளர் அதைக் கொப்பி பண்ணி இல்லஸ்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போதுதான் வினை தொடங்குகிறது. ‘கெ’ என்று தட்டினால் கணினிக்குள் முதலில் ககரம், அதற்குப் பிறகுதான் கொம்பு. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. ஆங்கிலத்துக்கென்று விட்டிருக்கிற வழக்கமான அமைப்பில் அந்த வேலை நடக்காது. வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும், கொம்பு பின்னால் நிற்கும், சேர எழுத்துக் கிடைக்காத குறியோடு ஒரு புள்ளிவட்டம் வரும். இல்லஸ்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸுக்குள் டைப் பகுதிக்குப் போய் ‘இண்டிக் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் தெரிந்து, பிறகு பந்திப் பலகத்தில் தெற்காசிய மொழிகளுக்கான கொம்போசரை, அதாவது எழுத்தை அடுக்குகிற அமைப்பை, போட வேண்டும். இன்டிசைன் என்றால் ‘வேர்ல்ட்-ரெடி’ கொம்போசர். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இது தெரியாத இடங்களில்தான் இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். யூனிகோட்டைப் பாமினிக்கு மாற்றும்போது ஓரிரண்டு எழுத்து விழும். விழுந்ததைப் பார்க்காமல், எழுத்தை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்காமல் அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கணினியில் பாமினி இல்லாவிட்டால் முழுப் பதாகையும் ஆங்கில எழுத்துக் குப்பை. புள்ளி இடம்மாறுவது வேறு கதை: ஆங்கிலத் தலைப்பு அழகாகத் தெரியவென்று எழுத்துகளுக்கிடையில் இடைவெளி கூட்டியிருப்பார்கள், அதே அளவைத் தமிழுக்கும் போட்டால் மெய்யோடு ஒட்டியிருக்க வேண்டிய புள்ளி நகர்ந்துவிடும்.

இவ்வளவும் பரவாயில்லை, தொழில்நுட்பக் கோளாறு யாருக்கும் வரும். வராமல் தடுக்க ஒரேயொரு படி இருக்கிறது. அச்சுக்குப் போகப்போகிற அந்தக் கடைசிப் பிடிஎஃப்பை மொழிபெயர்த்தவருக்குத் திருப்பி அனுப்பி, ஒருமுறை வாசித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். வேர்ட் கோப்பை இல்லை, பிடிஎஃப்பை. அந்த ஒரு மின்னஞ்சல் போகவில்லை. அவருக்கு நேரமில்லாவிட்டால் கன்ரீனில் போய் “தமிழ் வாசிக்கத் தெரிந்த யாராவது இருக்கிறீர்களா” என்று கேட்டிருந்தாலும் நாலு பேர் எழும்பியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி. அதற்கு “இலவசம்” என்பது பதில் இல்லை.

உள்ளே இன்னும் மோசம். படம் எடுக்க விடாததால் அது வெளியே வரவில்லை, அவ்வளவுதான். விளக்கப் பலகைகளில் மூன்று மொழிக்கும் ஒரே அளவுப் பெட்டி வரைந்திருக்கிறார்கள். அதே விஷயத்தைத் தமிழில் எழுதினால் சொல் நீளும், இடம் கூடப் பிடிக்கும், இது மும்மொழியில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். பெட்டிக்குள் அடங்கவில்லையென்று தமிழை மட்டும் சிறிதாக்கிவிட்டார்கள். எழுத்தளவில் ஆங்கிலம் 18 புள்ளி (பொயின்ட்), தமிழ் 11 இருக்கும். இதில் வெளிச்சத்தையும் சேர்த்து யோசியுங்கள். நீர்வர்ணம், பழைய புகைப்படம் மாதிரித் தாளில் உள்ளவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் விடக்கூடாது, நிறம் மங்கிவிடும். எண்ணெய் வர்ண ஓவியம் என்றால் 200 வரை தாங்கும். 50 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட அரையிருட்டு. அந்த இருட்டில் 11 புள்ளியில் ‘ண’வும் ‘ஞ’வும் ஒரு கறுப்புப் பொட்டு. 24 புள்ளியாவது போட வேண்டிய இடம் அது. மூன்று மொழியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியதால் தமிழ் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. விளக்கப் பலகையின் நடு தரையிலிருந்து 120க்கும் 140 சென்ரிமீற்றருக்கும் இடையில் இருந்தால்தான் நிற்பவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் வாசிக்க ஏலும். பக்கம் பக்கமாகப் போட்டிருக்கலாம். ஆங்கில மூலத்தையே 50, 60 சொல்லுக்குள் வெட்டியிருந்தால் மூன்றும் ஒரே எழுத்தளவில் நின்றிருக்கும். ஆனால் கண்காட்சியை அமைத்த கியூரேட்டரின் 140 சொல் ஆங்கிலத்தில் கைவைக்க யாருக்குத் துணிவு?

சில படைப்புகளுக்குத் தமிழ் விளக்கம் பிந்தி வந்ததாம். தனியாக ஃபோம் போர்டில் அடித்து இருபக்க டேப்பால் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கொழும்புக் காற்றில், இரவில் ஏசியை நிறுத்துகிற கட்டடத்தில், எமல்ஷன் அடித்த சுவரில் இருபக்க டேப் எத்தனை நாள் நிற்கும்? சுவர் வியர்க்கும், டேப் வர்ணத்தையும் உரித்துக்கொண்டு விழும். விழுந்தவற்றைக் காவலாளி அள்ளி, பார்வையாளர் புத்தகத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். முகம் கீழே, வெள்ளை முதுகு மேலே. ஒன்றன்மேல் ஒன்றாக, வெகு ஒழுங்காக. அவரிடம் எனக்குக் கோபமில்லை, அந்த இடத்தில் அவற்றைக் கையால் எடுத்து வைத்த ஒரே ஆள் அவர்தான்.

காசில்லை என்பார்கள். காசில்லாமல் செய்ய வழி இருக்கிறது. ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்து, லாமினேட் பண்ணி, வாசலில் ஒரு கூடையில் பத்துப் பிரதி. வாசித்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டுப் போவோம், வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம், பயப்படாதீர்கள். கியூஆர் குறி போடுவோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். டேட்டா முடிந்தவருக்கும் கண் மங்கின பாட்டிக்கும் அது வெறும் கறுப்புக் கட்டம். கொள்ளுப்பிட்டி கிறெஸ்கற்றில் இருக்கிற நவீன, சமகாலக் கலை நூதனசாலையும் இலவசம்தான். அங்கே மூன்று மொழியிலும் விளக்கம் இருக்கிறது. ஆக, இதே ஊரில் முடிகிற காரியம்தான்.

“கொழும்புத் தமிழருக்கு ஆங்கிலம் தெரியும்தானே” என்பார்கள். இதற்குப் பதிலே வேண்டாம், அடுத்தது.

“தமிழர் கண்காட்சிக்கு வருவதே இல்லை.” இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். சனி, ஞாயிறில் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஓர் அரங்கேற்றம் என்றால் கார் விட இடம் இருக்காது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலிருந்து நடக்கிறது. 1993இல் தொடங்கிய கலா பொல ஓவியச் சந்தை திறந்த தெருவோரம் நடப்பது, வருடா வருடம் அங்கே போய்ப் பாருங்கள், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு எத்தனை தமிழ்க் குடும்பம் என்று. கேற் இல்லாத இடத்துக்கு வருகிறார்கள். கேற் உள்ள இடத்துக்கு ஏன் வரவில்லை என்று கேற்றைத்தான் கேட்க வேண்டும்.

கேற்றைப் பற்றியும் சொல்கிறேன். போன வருடம் வடகொழும்பில் தமிழ்மூலப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை, உயர்தரப் பிள்ளைகளை இதே மாதிரி ஓர் இலவசக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போவது என்றால் சும்மா இல்லை. அதிபரின் கடிதம், கல்வி வலயத்தின் அனுமதி, ஒவ்வொரு பெற்றாரின் கையெழுத்து, பஸ் காசு. காட்சிக்கூடத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு, தமிழில் விளக்கம் சொல்ல ஒருவர் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். வாசலில் எல்லோருடைய அடையாள அட்டையும் கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு அட்டை இன்னும் வந்திருக்கவில்லை, வெயிலில் நின்றார்கள். உள்ளே விளக்கம் சொல்ல வந்த மாணவருக்குத் தமிழ் இல்லை. ஆசிரியையே ஓவியத்துக்கு ஓவியம் நின்று சொல்லத் தொடங்கினார். “மிஸ், கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கோ, மற்றவைக்கு இடைஞ்சல்” என்றார்களாம். அன்றைக்கு மற்றவர்கள் என்று அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர்.

அந்தப் பிள்ளைகள், 1943இல் கொழும்பில் நவீன ஓவியர்கள் அமைத்த 43 குழுவைப் படிக்கிறார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் என்று பெயர்களை மனனம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள். அசல் ஓவியத்தில் தூரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்க்காமல், பாடநூலின் மங்கல் படத்தைப் பார்த்து. பொரளை கோதமி விகாரையில் கீற்றின் சுவரோவியம் இருக்கிறது, பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் சபுமல் மன்றத்தின் தொகுப்பு இருக்கிறது. எல்லாம் ஓட்டோவில் போகிற தூரம். யாராவது தமிழில் கூப்பிட்டிருக்கிறார்களா?

நேரத்தையும் பாருங்கள். கிழமை நாளில் 9 முதல் 4 வரை, ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் பூட்டு. சனிக்கிழமை பிள்ளைக்கு ரியூஷன், ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை. மிஞ்சுவது ஞாயிறு பின்னேரமும் போயாவும்தான். அதைத்தான் கச்சிதமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிறு 2 மணியிலிருந்து 6 மணிவரை திறந்து, செவ்வாய்க்கிழமை பூட்டினால் ஊழியருக்கும் ஓய்வு கிடைக்கும். பல்கலைக்கழகத்திலேயே இருக்கிற தமிழ் மாணவர் இரண்டு பேரைப் பழக்கி, கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் தமிழ் விளக்கவுரையும் நடக்கும்.

“எல்லாவற்றையும் இனப் பிரச்சினை ஆக்காதீர்கள்” என்று ஒருவர் உள்பெட்டியில் வந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஐயா, நான் ஆக்கவில்லை. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். கொம்பு பின்னால் போனதை நான் இனவாதம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவரிடம் “இலவசம்தானே” என்று வாயை அடைத்தீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். சிங்களத்தில் அப்படி ஒரு பதாகை தொங்கியிருந்தால் மத்தியானத்துக்குள் கழற்றியிருப்பார்கள், கழற்றவும் வேண்டும். எங்களுடையது இன்னும் தொங்குகிறது. பொறுத்துப் போகச் சொல்கிறீர்கள். நாங்கள் இந்த ஊரில் பொறுத்துப் போகாத நாள் எது?

“இலவசமாகக் கொடுத்தால் இவ்வளவுதான் தரம் வரும்” என்றும் ஒருவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் 1683இல் திறந்தது, இன்றைக்கும் இலவசம். ஹார்வர்ட் தன் கலை நூதனசாலைகளை 2023இல் எல்லோருக்கும் இலவசமாக்கியது. அவர்களிடம் பணம் இருக்கிறது, உண்மை. ஒரு பிடிஎஃப்பைத் திருப்பி அனுப்ப எவ்வளவு பணம் வேண்டும்?

கொழும்பின் கலைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற அந்த வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். 1877இல் இந்த ஊரில் பிறந்தவர், தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி. 1917இலிருந்து இறக்கும்வரை, முப்பது வருடம், பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இருந்து ஆசியக் கலையை உலகத்துக்கு விளங்கப்படுத்தினார். வீதிக்குப் பெயர் வைக்க நாங்கள் வேண்டும், விளக்கப் பலகையில் எங்களுக்கு 11 புள்ளி.

“குறை சொல்கிறவர் வந்து செய்து காட்டலாமே” என்கிறவர்களுக்கு: செய்கிறேன். அடுத்த கண்காட்சியின் தமிழ்ப் பிடிஎஃப்பை அனுப்புங்கள், ஒரு இரவுக்குள் பார்த்துத் திருப்பித் தருகிறேன். காசு வேண்டாம், இலவசம்தான். அதிலும் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கண்காட்சி இந்த மாத முடிவுவரை நடக்கிறது. படைப்புகள் நல்லவை, அதைக் குறை சொல்ல மாட்டேன், கட்டாயம் போங்கள். அடையாள அட்டை கொண்டுபோங்கள், பெரிய பை வேண்டாம், வாசலில் வாங்கி வைப்பார்கள். வெளியே வரும்போது பார்வையாளர் புத்தகத்தில் தமிழில் எழுதுங்கள். “நன்று, வாழ்த்துகள்” வேண்டாம். எத்தனையாம் இலக்கப் படைப்பு, எந்தப் பலகை, எந்த வரி, என்ன பிழை என்று விபரமாக எழுதுங்கள். அதை வாசிக்க அவர்கள் ஆள் தேட வேண்டியிருந்தால், தேடட்டும்.